அலுமாரி மணம்

எந்தச் சென்ட் எப்படி மணக்கும் என்று விளங்கும்படி எழுதித் தாருங்கள் அன்ரி என்று கேட்டிருக்கிறீர்கள். கடைக் கவுண்டருக்கு வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாத பிள்ளைகள், ஆசையாகக் கேட்கிறீர்கள். நானும் இரண்டு நாளாகப் பேனையும் கையுமாக இருக்கிறேன். பம்பலப்பிட்டியில் அதே கண்ணாடி மேசைக்குப் பின்னால் இத்தனை வருடம் நின்றவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று நினைப்பீர்கள். உண்மையைச் சொன்னால், வேலையை விட்டு வீட்டில் இருக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு இந்த விஷயத்தில் குழப்பம் கூடியிருக்கிறது.

புதிய சென்ட் வந்தால் அதோடு ஒரு துண்டுப் பிரசுரமும் வரும், உங்களுக்குத் தெரியும். முதலில் வருகிற மணம் இது, நடுவில் இது, கடைசியில் தங்குவது இது என்று அதில் இருக்கும். பியோனிப் பூ, காட்டு ஸ்ட்ரோபெரி, மழையில் நனைந்த கல், புதிதாகத் தோய்த்த பருத்தித் துணி. பியோனிப் பூவை நானும் கண்டதில்லை, முதலாளியும் கண்டதில்லை, வெள்ளவத்தையிலிருந்து வந்து வாங்குகிறவர்களும் கண்டதில்லை. ஆனாலும் பியோனி நல்லாயிருக்கு என்று எல்லாரும் சேர்ந்து தலையாட்டினோம். ஒரு நடிகரின் பெயரில் ஒன்று வந்தது. கடல், காற்று, சுதந்திரம் என்று பிரசுரம் சொன்னது. எனக்கு அது சவர்க்காரம் போட்டுக் கழுவிய பஸ் மாதிரி மணத்தது. பெரிய ஆடை வடிவமைப்பாளர் ஒருவரின் கறுப்புப் போத்தில் வந்தது. தோலும் புகையிலையும் என்று அதில் எழுதியிருந்தது, எனக்கோ அவித்த தோடம்பழத் தோல். நான் என்ன சொன்னேனோ அதை நம்பித்தான் வெள்ளவத்தைச் சனம் வாங்கியது. நான் நல்லது என்று தெரிந்தெடுத்ததெல்லாம் அவர்களுக்குப் பிடித்தது. அதனால் கடையில் எனக்கு மூக்கு என்றே பெயர்.

அந்த மூக்கு ஒரு நாள் காணாமல் போனது. அந்த வருடங்களில் ‘காணாமல் போனது’ என்ற சொல்லை நாங்கள் மனிதருக்குத்தான் பாவித்தோம், மூக்குக்குப் பாவிப்பதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

வடக்கில் சண்டை கடைசிக் கட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம். நான் யாழ்ப்பாணத்தாள். வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் வாடகை அறையில் இருந்தேன். வடக்கிலிருந்து வந்தவர்கள் பொலிஸில் பதிய வேண்டும், என்ன காரணத்துக்காகக் கொழும்பில் நிற்கிறோம் என்று காட்ட வேண்டும். காரணம் இல்லாதவர்களைத் திருப்பி ஏற்றுகிறார்கள் என்று எல்லாரும் நடுங்கிக்கொண்டிருந்தோம். பக்கத்து லொட்ஜில் இருந்த ஒரு குடும்பம் பெட்டி படுக்கையோடு பஸ்ஸில் ஏறியதை நான் பல்லுத் தீட்டிக்கொண்டு நின்று பார்த்தேன். எனக்குத் திரும்பிப் போக வீடும் இல்லை. வீடு இருந்த காணி ஆமியின் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது.

என்னிடம் இருந்த காரணம் ஒரு கடிதம். எங்கள் முதலாளி ஹாஜியார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையெழுத்து வைத்துத் தருவார். இவர் எமது நிறுவனத்தில் வாசனைத் தெரிவாளராகப் பணிபுரிகிறார், இவர் இன்றி எமது வியாபாரம் நடைபெறாது என்று அதில் இருக்கும். வேலை போனால் கடிதம் போகும், கடிதம் போனால் கொழும்பு போகும். அவ்வளவுதான் என் நிலைமை.

ஹாஜியாரின் குடும்பம் புறக்கோட்டையில் அத்தர் விற்ற குடும்பம். அத்தர்தான் மணம், மற்றதெல்லாம் ஸ்பிரிட் என்பார். வெளிநாட்டுச் சென்டை மூக்குக்குக் கிட்டவே கொண்டுபோக மாட்டார். அதை விற்பதற்குத்தான் நான்.

ஒரு காய்ச்சல் வந்து மூன்று நாள் கிடந்தேன். எழும்பியபோது எல்லாம் சரி, மணம் மட்டும் இல்லை. கற்பூரத்தைப் பொடித்து மூக்கில் வைத்துப் பார்த்தேன். கருவாடு பொரிக்கிற குசினியில் போய் நின்று பார்த்தேன். சோற்றில் சூடும் உறைப்பும் தெரிந்தன, வேறொன்றும் இல்லை. ஒருவரிடமும் சொல்லவில்லை. கடைக்குப் போய், மணந்து பார்க்க வைக்கிற டெஸ்டர் போத்திலை எடுத்து, கண்ணை மூடி, பழையபடி தலையைச் சரித்து ‘ம்ம்’ என்றேன். வாங்க வந்தவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், ஆனால் ஆத்திரமாகத்தான் இருந்தது.

ஒரு மாதம் இப்படி ஓட்டினேன். அப்போதுதான் அந்த வெளிநாட்டுப் பாடகியின் சென்ட் வந்தது. கேபிள் டிவியில் நாள் முழுக்க அதன் விளம்பரம். மைக் மாதிரி ஒரு கறுப்புப் போத்தில், உள்ளே என்ன நிறம் என்று பார்க்கவே முடியாது. சனிக்கிழமை எங்கள் கடையில் அறிமுகம், பலூன் எல்லாம் கட்டியாயிற்று. சரக்கு இரண்டு தடவையாக வந்தது. கொஞ்சம் விமானத்தில் வந்தது. மிச்சம் கப்பலில் வந்து, துறைமுகத்தில் பாதுகாப்புச் சோதனைக்கென்று மூன்று கிழமை வெயிலில் கிடந்தது. சென்டுக்கு வெயில் கூடாது. சோதித்தவர்கள் பெட்டிகளின் அடையாளத் தாள்களையும் கிழித்துவிட்டார்கள், களஞ்சியத்தில் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டது. பன்னிரண்டு பெட்டி.

“எது நல்லது எது பழுது எண்டு நீ பாத்துச் செல்லு புள்ள,” என்றார் ஹாஜியார். “ஒனக்கு இது பெரிய வேலயா?”

“இல்லை ஹாஜியார்,” என்றேன்.

பெட்டிக்கு ஒரு போத்தில் திறந்து, கடதாசிக் கீற்றுகளில் அடித்து, இலக்கம் போட்டு, தனித்தனிப் பொலித்தீன் பைகளில் சுற்றி அறைக்குக் கொண்டுபோனேன். என்னோடு அறையில் இருந்தவள் வதனி. கனடா மாப்பிள்ளைக்குப் பேசி, விசா வரும் வரும் என்று ஒன்றரை வருடமாகக் காத்திருந்த பிள்ளை. கடையில் கூட வேலை செய்த சிங்களப் பிள்ளை மல்காந்தியிடம் கேட்டிருக்கலாம், அவளுக்கு நல்ல மூக்கு. ஆனால் அவளிடம் கேட்டால் என் விஷயம் வெளியே வந்துவிடும் என்று பயம்.

“வதனி, இதுகளை ஒருக்கா மணந்து பார். எது ஒறிஜினல், எது பழுது எண்டு சொல்லு.”

“உங்களுக்குத் தெரியாததோ அக்கா?”

“எனக்குத் தெரியும். உனக்குத் தெரியுதோ எண்டு பாக்கிறன்.”

அவள் கட்டிலில் சம்மணம் போட்டிருந்து ஒவ்வொன்றாக மணந்தாள். அவளுடைய முகத்தைத்தான் நான் மணந்தேன் என்று சொல்ல வேண்டும், அவ்வளவு உற்றுப் பார்த்தேன்.

“ஐயோ அக்கா, இதெல்லோ வெளிநாட்டு மணம்! சித்தி கனடாவில இருந்து அனுப்பின சென்ட் அப்பிடியே இதுதான். அம்மா அதை அலுமாரிக்குள்ள சீலையளுக்கு நடுவில வச்சிருந்தவ. கலியாண வீட்டுக்குப் போகேக்க மட்டும் ஒரு சொட்டு. நான் பள்ளிக்கூடம் முடிக்குமட்டும் அந்தப் போத்தில் இருந்தது.” அடுத்ததை மணந்து முகத்தைச் சுளித்தாள். “இது சரியில்லை. பச்சையா இருக்கு, தேசிக்காய் மாதிரி. ஆரோ இஞ்ச கலந்து அடைச்சது போல.”

ஏழு கீற்று ஒரு பக்கம், ஐந்து கீற்று மறுபக்கம். கொஞ்சமும் தடுமாறாமல் பிரித்தாள். அடுத்த நாள் அந்த ஏழு பெட்டியும் நல்லது, ஐந்தும் பழுது என்று ஹாஜியாரிடம் சொன்னேன். உங்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை.

சனிக்கிழமை கடை நிரம்பி வழிந்தது. வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வந்த எங்கள் ஆட்கள் மணிக்கட்டில் அடித்து மணந்துவிட்டு, “ஓம், இதுதான் அசல்,” என்றார்கள். மல்காந்தி மட்டும் என் காதருகே வந்து, “அக்கே, மேக்க நரக் வெலா நேத?” என்றாள். இது பழுதாகிவிட்டதல்லவா என்று கேட்டாள். “உனக்கென்ன தெரியும், போய் நிக்கிற ஆக்களைப் பார்,” என்று எரிந்து விழுந்தேன். அவள் போய் ஆட்களைக் கவனித்தாள்.

புதன்கிழமை, பணக்காரர்கள் இருக்கிற கறுவாத்தோட்டத்திலிருந்து அம்மா ஒருவர் வந்தார். எங்களிடம் வாங்கிய போத்திலையும் அதே சென்டை அவர் லண்டனில் வாங்கிய போத்திலையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “கெட்டுப்போனதையா விற்கிறீர்கள், அல்லது போலியா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஹாஜியார் எழும்பி வந்தார். இரண்டு கீற்றில் அடித்து என்னிடம் நீட்டினார்.

“செல்லு புள்ள. எது சரி?”

நான் வாங்கி, கண்ணை மூடி, தலையைச் சரித்தேன். வெறும் காற்று. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “சூடு பட்டிருக்கும் ஹாஜியார், லைட்டுக்குக் கீழ வச்சா இப்பிடி மாறும்,” என்றேன். கண்ணாடிப் பெட்டிக்குள் லைட்டின் கீழ் போத்தில்களை அடுக்கியது மல்காந்தி.

ஹாஜியார் அவள் பக்கம் திரும்பினார். “ஒன்ட வேலயா இது? என்ட கடைப் பேரையே கெடுத்துப்போட்டாயே!”

“நான் அண்டைக்கே அக்காட்ட சொன்னது…” என்று தனக்குத் தெரிந்த தமிழில் தொடங்கியவள், என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

பிள்ளைகளே, நான் அந்த இடத்தில் என்ன யோசித்தேன் என்று மறைக்காமல் எழுதுகிறேன். மல்காந்திக்கு வேலை போனால் காலி வீதியில் இன்னும் நாலு கடை இருக்கிறது, அவளைப் பொலிஸ் காரணம் கேட்காது. எனக்குப் போனால் பஸ்தான். அவள் போகட்டும் என்றுதான் யோசித்தேன். என்னைப் பற்றி நல்லவள் வல்லவள் என்று கடையில் கதை இருந்தால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவள் ஏன் நிறுத்தினாள் என்று பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கீற்றை நான் மாறிப் பிடித்திருந்தேன். சென்ட் அடித்த நுனி என் விரல்களுக்குள் இருந்தது, காய்ந்த நுனியை மூக்கில் வைத்திருந்தேன். முதல் நாள் வேலைக்கு வந்தவர்கூடச் செய்யாத பிழை. மல்காந்தி கையை நீட்டி, என் கையிலிருந்த கீற்றை எடுத்துச் சரியான பக்கம் திருப்பி மறுபடி என் விரலில் வைத்தாள். யாருக்கும் தெரியாமல் செய்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. விளங்கியும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

எனக்கு வெட்கத்தில் அழுகை வந்தது. “ஹாஜியார், அவவில பிழை இல்லை,” என்றேன். “எனக்கு மணம் தெரியாது. ஒரு மாதத்துக்கு மேல. வேற ஆக்களைக் கேட்டுத்தான் பெட்டியளைப் பிரிச்சனான். பழுதானதை மேசையில வச்சது நான்தான்.”

ஹாஜியார் நான் ஒதுக்கிவைத்த ஐந்து பெட்டியில் ஒன்றை உடைத்து அந்த அம்மாவுக்கு ஒரு போத்தில் கொடுத்தார். அவர் மணந்து பார்த்து, இதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். ஏழு பெட்டியில் மிச்சமாக இருந்ததை ஹாஜியார் எடுப்பித்தார். வாங்கிக்கொண்டு போனவர்களுக்கு ஆள் அனுப்பி மாற்றித் தருவதாகச் சொல்வித்தார். மல்காந்தியிடம், “மனசுல வெச்சுக்காத மக,” என்றார். என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“கடிதம் எப்ப குடுக்கோணும்?”

“திங்கட்கிழமை ஹாஜியார்.”

பிறகு மூன்று நாள் அவர் என்னோடு கதைக்கவில்லை. நான் சூட்கேஸைக் கட்டிலுக்குக் கீழே இருந்து இழுத்து, தூசி தட்டி, மறுபடி உள்ளே தள்ளினேன். வதனி, “எங்க அக்கா போறியள்?” என்றாள். எனக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை கடை பூட்டும்போது ஹாஜியார் கடிதத்தை மேசையில் போட்டார். வாசித்தேன். அதே வசனம், அதே கையெழுத்து.

“ஹாஜியார், இதில வாசனைத் தெரிவாளர் எண்டு இருக்கு.”

“ஈக்கட்டும். போன மூக்கு வரும். வராட்டியும் பரவாயில்ல. வாயத் தொறந்து உண்மயச் சென்னாயே, எனக்கு அது போதும். இனி மல்காந்தி மணப்பா, அவ செல்றத நீ எழுது.”

திங்கட்கிழமை பொலிஸில் நீண்ட வரிசை. மேசையில் இருந்த அதிகாரி என் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். “மணந்து பார்க்கிறதும் ஒரு வேலையா?” என்று சிங்களத்தில் கேட்டுச் சிரித்தார். பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு சட்டைக் கையை மடித்து மணிக்கட்டை என் முகத்துக்கு நேரே நீட்டினார். “நான் என்ன பூசியிருக்கிறேன்? சொல்லு பார்ப்போம்.”

அவருடைய தலைமயிரில் எண்ணெய் மினுங்கியது, சவரம் புதிதாகச் செய்திருந்தார். நன்றாக அனுமானித்திருக்கலாம், வாய் நுனி வரை ஒரு பெயர் வந்தது. கடிதம் அவருடைய மற்றக் கையில் இருந்தது. தெரியாது என்றால் கடிதம் பொய் என்று ஆகிவிடும், ஹாஜியாரும் மாட்டுவார். பிழையாகச் சொன்னாலும் அதேதான். எது நல்லது என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. புதன்கிழமை ஒருக்கா சொல்லிப் பழகின வாய் தானாகவே திறந்தது.

“இப்ப எனக்கு மணம் தெரியாது சேர். காய்ச்சலோட போயிட்டுது.”

“அப்படியென்றால் முதலாளி உன்னை எதற்கு வைத்திருக்கிறார்?”

“தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்ல, சேர்.”

அவர் சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் பூட்டினார். “நான் ஒன்றும் பூசவில்லை,” என்று சொல்லிவிட்டு முத்திரையைக் குத்தினார். வெளியே வந்து காலி வீதியைக் கடந்து நேரே கடைக்குப் போனேன்.

இவ்வளவோடு நிறுத்தினால் இது நல்ல கதை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள் என்று உங்களுக்கு ஒரு அறிவுரையும் சொல்லி முடித்துவிடலாம். குழப்பம் இனித்தான் வருகிறது.

ஏறக்குறைய மூன்று மாதத்துக்குப் பிறகு ஒரு காலை, அறைக்கு வெளியே யாரோ வெங்காயம் வதக்கினார்கள். எனக்கு மணத்தது. சட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று அழுதேன், சமைத்த மனுசி வெங்காயத்தில் பழியைப் போட்டுக்கொண்டார். அந்த நேரம் வதனி விசா கிடைத்துக் கனடா போயிருந்தாள். அதே கிழமை தொலைபேசி எடுத்தாள்.

“அக்கா, இங்க பெரிய கடையில அந்தப் பாட்டுக்காரியின்ர சென்ட் பாத்தனான். எல்லாம் டூப்ளிகேட்! ஒரே தேசிக்காய் மணம். அங்க நீங்க கொண்டுவந்து காட்டின ஒறிஜினலில ஒண்டு கிடந்தா, வாற ஆக்களிட்டக் குடுத்து விடுங்கோ.”

சிரித்துவிட்டுப் போனை வைத்தேன். பாவம், அலுமாரியில் வருடக்கணக்காகக் கிடந்து பழுதானதை மணந்து வளர்ந்த பிள்ளை, அதுதான் அசல் என்று நினைத்திருக்கிறாள் என்று அப்போதுதான் விளங்கியது. அன்று கடையில் ஓம் அசல் என்று தலையாட்டிய வெள்ளவத்தைச் சனமும் அப்படித்தான். என்னிடம் நல்லதில் ஒன்றும் பழுதில் ஒன்றும் ஞாபகத்துக்கு இருந்தன, அடியில் பெயர் எழுதி ஒட்டியிருந்தேன். மூக்கு வந்துவிட்டதே, சும்மா பார்ப்போம் என்று இரண்டையும் எடுத்தேன். கண்ணை மூடி, இடம் மாற்றி மாற்றி வைத்து, இரண்டு கீற்றில் அடித்தேன். இந்த முறை கீற்றைச் சரியாகப் பிடித்தேன்.

முதலாவது பச்சையாக இருந்தது. மெல்லிய, எலுமிச்சை மாதிரி ஒரு கூச்சம், யாரோ தெரியாத ஆள் பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரி. இரண்டாவதை மணந்ததும் நான் நின்றது ஊரில். பாதுகாப்பு வலயத்துக்குள் போன எங்கள் வீட்டு அலுமாரி. கூறைச்சீலை, பூச்சி உருண்டை, லண்டன் மாமா நான் பிறப்பதற்கு முதல் கொண்டுவந்த போத்தில். “இதுதான் அசல்,” என்று வாய்விட்டே சொன்னேன். கண்ணைத் திறந்து போத்திலைக் கவிழ்த்துப் பார்த்தேன். பழுது என்று என் கையெழுத்தில் இருந்தது.

மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் அதையே எடுத்தேன்.

ஆகவே அன்று எனக்கு மூக்கு இருந்திருந்தாலும் அந்த ஏழு பெட்டியைத்தான் மேசையில் வைத்திருப்பேன். கடை நடுவில் நின்று அழுது நான் ஒப்புக்கொண்டது என் பிழையே இல்லை. என் பிழை வேறு, அது எப்போதுமே என்னோடு இருந்தது. பழுதான மணத்தைத்தான் மணம் என்று நம்பி, அதற்குக் கிட்டக் கிட்ட இருந்ததையெல்லாம் நல்லது நல்லது என்று விற்று, மூக்கு என்று பெயரும் வாங்கியிருக்கிறேன். அது விற்றதற்குக் காரணம் வாங்கியவர்களுக்கும் அதே அலுமாரி இருந்தது. அல்லது அதுதான் உண்மையில் நல்ல மணமோ, அதுவும் எனக்குத் தெரியவில்லை. இதை எந்தப் பிரசுரத்தில் போய்ப் பார்ப்பது?

அதனால் எது எப்படி மணக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள். மல்காந்தி இன்னும் கடைக்கு வந்து போகிறாள், அவளைக் கேளுங்கள். அந்த நாளிலிருந்து நான் வேலையை விடும்வரை அவள்தான் மணந்தாள், நான் எழுத மட்டும் செய்தேன். ஏன் என்று அவள் கேட்டதே இல்லை.

ஹாஜியார் கேட்டார். வெங்காயம் மணத்த அடுத்த கிழமை, அடுத்த கடிதத்தை மேசையில் விரித்து, பேனை மூடியைக் கழற்றிக்கொண்டு, “மூக்கு வந்திட்டா புள்ள?” என்று கேட்டார்.

“இன்னும் இல்லை ஹாஜியார்,” என்றேன்.